ஊறுகாய் ஜாடிக்கு விழுந்த வாக்குகள்

ஜூன் 2, திங்கள்

ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் கழித்து இன்றுதான் டைரியைத் திறக்கிறேன். வருவாய்த் துறையில் இருந்தவரை தினமும் டைரி எழுதி மேலிடத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஓய்வுக்குப் பிறகு என்னத்தை எழுதுவது? பால் வந்தது, பால் பொங்கியது, இவர் பேப்பரைக் கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை குளிக்கவில்லை என்றா?

இன்று விஷயம் இருக்கிறது. காலை 10.15க்குத் தங்கை மகன் இளங்கதிர் வந்தான். கே.கே.நகரில் ஒரு மாடியைப் பிடித்து கேம் கம்பெனி நடத்துகிறான். அவனையும் சேர்த்து ஐந்து பேர். கேமின் பெயர் 'ஏழு தீவு'. கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, மந்திரவாதியாகவும் பூதமாகவும் ஓநாய் மனிதனாகவும், எல்லோரும் ஒரே ஊரில் வாழ்கிறார்களாம். எங்கெங்கோ இருந்து ஆயிரத்து இருநூறு பேர். ஊரின் பெயர் நண்டுத்துறை.

"பெரியம்மா, நண்டுத்துறைக்கு ஒரு தலைவர் வேணும்னு பிளேயருங்க கேக்குறாங்க. போன மாசம் ஒரு ஓட்டெடுப்பு வச்சோம். ஒரே ஆளு நூத்தி நாப்பது பேருல வந்து அவனுக்கே போட்டுக்கிட்டான். ஊரே நாறிப்போச்சு. ஒழுங்கான ஒரு எலெக்‌ஷன் முறையை நீங்கதான் உருவாக்கித் தரணும்."

"வாக்காளர் பட்டியல் எங்கே?" என்றேன்.

"அப்டின்னா?"

அட கஷ்டகாலமே! பட்டியல் இல்லாமல் தேர்தல் நடத்தியிருக்கிறான், என் தங்கை வயிற்றில் பிறந்தவன். உடனே ஒப்புக்கொண்டேன். தமயந்தி, துணை வட்டாட்சியர், தேர்தல் பிரிவு. பதினோரு தேர்தல் பார்த்தவள். என் பொறுப்பில் ஒரு பூத்தில்கூட மறுவாக்குப்பதிவு நடந்ததில்லை. என் கல்யாணத்தைவிட எனக்கு அதில்தான் பெருமை. இவர் டைரியைப் படிக்க மாட்டார் என்பதால் எழுதுகிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

கம்பெனிக்குப் போனேன். நாற்காலிகள் எல்லாம் சுற்றுகின்றன. யாரும் செருப்பு போடவில்லை. புரோகிராம் எழுதுகிற பெண் பெயர் பானு. நான் சொல்வதையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதித் தருவது அவள் வேலை. "சொல்லுங்க ஆன்ட்டி, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்றாள். இந்தக் கேள்வியை ஒரு தாசில்தார்கூட என்னிடம் கேட்டதில்லை.

ஜூன் 5, வியாழன்

நாள் முழுவதும் வாக்குரிமைச் சிக்கல்.

வயதை எப்படி வைப்பது? ஒரு பூதத்துக்குத் தொள்ளாயிரம் வயது, ஆனால் முந்தாநாள்தான் கேமில் சேர்ந்திருக்கிறது. ஊருக்குள் பதினெட்டு நாள் குடியிருந்தவர்களுக்கு மட்டும் வாக்கு என்று வைத்தேன். ஒரு கைபேசி எண்ணுக்கு ஒரு வாக்கு. நூற்று நாற்பது பெயர்க்காரன் இனி நூற்று நாற்பது சிம் கார்டு வாங்கட்டும், பார்ப்போம்.

அடுத்தது மூன்று தலைப் பூதம். "மூணு தலைக்கும் மூணு கருத்து இருக்குமில்ல ஆன்ட்டி?" என்று பானு கேட்கிறாள். நல்ல மூளை. ஆனால் மையை விரலில் வைக்கிறோமே தவிர தலையில் வைப்பதில்லை. ஒரு வாக்குதான். பூதத்துக்கு விரல் இல்லை என்று பிற்பகல் தெரியவந்தது. வாலில் மை வைக்க உத்தரவிட்டேன்.

நீர்மகளிர் தண்ணீரை விட்டு வெளியே வர முடியாது. அவர்களுக்காகக் கடல்படியில் தனி வாக்குச்சாவடி. உருமாறிகள் மனிதனாக வந்து ஒன்று, பூனையாக வந்து ஒன்று என்று போட்டுவிடுவார்கள். மனித விரலில் வைத்த மை பூனைக் காலிலும் தெரியும்படி பானு எழுதிவிட்டாள். வாக்குச்சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் மந்திரம், தீப்பந்து, ஊளை கூடாது.

கடைசியாக ஒன்று. இந்த ஊரில் யாரும் யாரையும் வெட்டலாம். வெட்டுப்பட்டவர் ஐந்து நிமிடத்தில் ஊர்க்கிணற்றடியில் உயிரோடு எழுந்துவிடுவார். ஆகவே வரிசையில் நிற்கும்போது ஒருவர் கொல்லப்பட்டால், திரும்பி வரும்வரை அவர் இடத்தைப் பின்னால் நிற்பவர் பிடித்து வைக்க வேண்டும் என்று விதி சேர்த்தேன். செத்தவர்கள் வந்து ஓட்டுப் போடுவதைத் தடுத்தே என் தலை நரைத்தது. இப்போது நானே அதற்குச் சட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தலைவருக்குப் பதவிக்காலம் மூன்று மாதம்.

ஜூன் 6, வெள்ளி

முருங்கைக்காய் சாம்பார். இவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். வாக்குச்சாவடிகள் மொத்தம் நான்கு.

ஜூன் 9, திங்கள்

களஆய்வுக்காக ஊருக்குள் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பானு லேப்டாப்பில் போட்டுக் கொடுத்து, காதில் மைக்கையும் மாட்டிவிட்டாள். பேசினால் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்குமாம். வேஷத்துக்கு ஒரு பெயர் கேட்டது. கருங்குழலி என்று வைத்தேன். முழங்கால் வரை கூந்தல், இருபத்தைந்து வயது. அது கணினியே கொடுத்தது. நான் நாலைந்து முறை மாற்றிப் பார்த்ததோடு சரி.

உள்ளே நுழைந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு ராட்சத நண்டு என்னை வெட்டிக் கொன்றுவிட்டது. கிணற்றடியில் எழுந்தேன். எழுந்தவுடன் ஒரு வாய் தண்ணீர் குடித்தால்தான் உடம்பில் பலம் வரும். அங்கே பார்த்தால் அறுபது எழுபது பேர் முண்டியடிக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் மிதிபட்டே மறுபடி சாகிறார்கள். ரேஷன் கடை கெட்டது போங்கள்!

பொறுக்க முடியவில்லை. "என்ன இது சந்தைக்கடை மாதிரி! பின்னால போங்க! ஏய் கொம்பு, உன்னைத்தான்! கொம்பு இருந்தா முன்னால வந்துருவியா? வரிசை! வரிசை!" என்று ஒரு சத்தம் போட்டேன்.

அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். "செம ஆக்டிங்க்கா" என்று ஒருவன் எழுதினான். நான் எங்கே நடித்தேன்?

ஜூன் 10, செவ்வாய்

களஆய்வு தொடர்ச்சி.

ஜூன் 11, புதன்

களஆய்வு தொடர்ச்சி. கிணற்றடியில் பெண்களுக்குத் தனி வரிசை. பூதங்கள் ஓரமாக.

ஜூன் 13, வெள்ளி

களஆய்வு தொடர்ச்சி. எனக்கு 'வரிசைக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று நான் உள்ளே நுழைந்ததும் முப்பது பேர் தானாக வரிசையில் நின்று காட்டினார்கள். சிறுபிள்ளைத்தனம். அடுப்பில் வைத்த கத்திரிக்காய் கரிந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

இவரைக் கொஞ்ச நாளாகக் கவனிக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர், பேப்பரும் ஈஸிசேருமே கதி என்று கிடப்பவர். இப்போது பேப்பர் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்க்கிறார். கேட்டால் கோயில் கும்பாபிஷேகம் நேரலை என்கிறார். ஒரு வாரமாகவா ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடக்கும்? கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

ஜூன் 18, புதன்

தேர்தல் அறிவிப்பு வெளியிட்டேன். முதல் வேட்பாளர் ஓநாய்க் காடவன் என்று ஒரு ஓநாய் மனிதன். நிஜத்தில் யார் என்று தெரியாது. அவன் வாக்குறுதியைப் பாருங்கள்: தலைக்கு ஒரு குதிரை! இலவசம்! ஊரே அவன் பின்னால் ஊளையிட்டுக்கொண்டு போகிறது. ஆயிரத்து இருநூறு குதிரையை எந்தத் தெருவில் கட்டுவான்? சாணியை யார் அள்ளுவது? ஒருத்தர் கேட்கவில்லை.

கிணற்றடியில் இதை ஆத்திரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்ப நீங்க நில்லுங்க வரிசைக்கா" என்றது மூன்று தலைப் பூதத்தின் நடுத்தலை. "நில்லுங்க! நில்லுங்க!" என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர்களுக்கு விழுந்த வாக்குகளை எண்ணியவள் நான். என் பெயரை ஒரு பட்டியலில் போட்டுப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

கருங்குழலியின் வேட்புமனு ஏற்கப்பட்டது. தேர்தல் நடத்தும் அலுவலரே போட்டியிடக் கூடாது என்று விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை. விதிகளை எழுதியதும் அந்த அலுவலர்தான் என்பது வேறு விஷயம். முறை சரியாக வேலை செய்கிறதா என்று வேட்பாளர் கோணத்திலிருந்தும் சோதிக்க வேண்டாமா? கருங்குழலி யார் என்று பானுவுக்கு மட்டும் தெரியும். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

சின்னத்துக்கான குலுக்கலில் காடவனுக்குக் குதிரை லாடம் விழுந்தது. அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், குதிரை தருகிறவனுக்கே லாடம். எனக்கு ஊறுகாய் ஜாடி.

ஜூன் 24, செவ்வாய்

நண்டுத்துறை முழுவதும் ஜாடி. சுவரில் ஜாடி, கப்பல் பாயில் ஜாடி. நீர்மகளிர் பதினேழு பேர் தலையில் ஜாடியோடு நீந்தினார்கள். ஜாடிக்குள் ஒரு பூனையும் உட்கார்ந்திருந்தது. அது உருமாறி என்று பிறகு தெரிந்தது. காடவன் பக்கத்தில் குதிரைப் பாட்டு. காது கிழிகிறது.

முற்பகல் பதினோரு மணிக்கு ஊரில் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. என் லேப்டாப்பில் ஒரு சங்கு. உள்ளறையிலிருந்து இன்னொரு சங்கு. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். இவர் போனில் நண்டுத்துறை.

"கும்பாபிஷேகமாங்க?" என்றேன்.

"சும்மாதான் பாத்தேன். நீ அன்னிக்கு வரிசை, வரிசைன்னு கத்துனியா? யாரைத் திட்டுறன்னு பாக்கலாம்னு உள்ள போனேன். நல்லாருக்கு."

"நான்தான் கருங்குழலின்னு தெரியுமா?"

"நீ கத்துறது தெருமுனை வரைக்கும் கேக்குது. இஸ்திரி போடுறவருக்கே தெரியும்."

இவர் வேஷத்தின் பெயர் சாதுக்கோதண்டன். மீசையுள்ள மந்திரவாதி. வாக்குப்பதிவு அன்று பதினெட்டு நாள் தாண்டிவிடும், வாக்கும் உண்டு. யாருக்குப் போடப்போகிறீர்கள் என்று கேட்டேன். "வாக்கு ரகசியம்னு நீதானே விதி போட்டிருக்க?" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். முப்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவருக்கு என்னிடம் என்ன ரகசியம்? என்றாலும் விதி விதிதான். வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 27, வெள்ளி

நாளை வாக்குப்பதிவு. இன்று மாதிரி வாக்குப்பதிவு நடத்தினேன். இது என் உயிர். நிஜ வாக்குப்பதிவுக்கு முன் ஐம்பது வாக்கு போட்டுப் பார்த்து, இயந்திரம் ஒழுங்காக எண்ணுகிறதா என்று சரிபார்த்து, பிறகு அந்த ஐம்பதையும் அழித்துவிட்டுத்தான் உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்க வேண்டும். சர்வீஸில் தேர்தல் அன்று விடிந்ததும் ஒவ்வொரு பூத்துக்கும் போன் போட்டு "அழிச்சாச்சா? அழிச்சாச்சா?" என்று கேட்டே தொண்டை கட்டிவிடும். சிலர் நான் பேசுவதற்கு முன்பே "அழிச்சாச்சும்மா" என்றுதான் போனை எடுப்பார்கள்.

பானு, "டெஸ்ட் ஓட்டெல்லாம் தானா அழிஞ்சிர்ற மாதிரி எழுதிடறேன் ஆன்ட்டி" என்றாள். கூடாது என்றேன். அது அதிகாரியின் கடமை. அழிக்க ஒரு பட்டன் வை, நானே அழுத்துவேன் என்றேன். வைத்துக் கொடுத்தாள். சிவப்புப் பட்டன்.

ஐம்பது வாக்கையும் நானே போட்டேன். வசதிக்காக எல்லாவற்றையும் ஜாடிக்கே போட்டேன். திரையில் கருங்குழலி 1, கருங்குழலி 2 என்று ஏறுவதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. ஐம்பதாவது வாக்கு விழும்போது நண்டுத்துறைக் கோட்டை வாசலில் ஒரே சத்தம். என் ஆதரவாளர்கள் ஊர்வலமாக வந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு ஜாடி, எல்லோரும் வரிசையாக! கருங்குழலியாகப் போய்க் கையசைத்துவிட்டு, அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். நல்ல தூக்கம் வரும் போலிருக்கிறது.

ஜூன் 28, சனி

வாக்குப்பதிவு அமைதியாக முடிந்தது. வரிசையில் நின்றவர்களில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். ஒன்பது பேருடைய இடத்தையும் பின்னால் நின்றவர்கள் பிடித்து வைத்துக் கொடுத்தார்கள். என் விதி வேலை செய்கிறது! தேர்தல் அலுவலர் என்ற முறையில் நான் வாக்களிக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

கருங்குழலி, ஊறுகாய் ஜாடி: 412.
ஓநாய்க் காடவன், குதிரை லாடம்: 387.

ஜெயித்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன்! இருபத்தைந்து வாக்கு வித்தியாசம். கிரீடம் வைத்தார்கள், துறைமுகச் சாவியைக் கொடுத்தார்கள், மூன்று தலைப் பூதம் மூன்று வாயாலும் வாழ்த்தியது. அழுதேன் என்று இவர் சொல்கிறார். வெங்காயம் நறுக்கியதால்.

கேசரி செய்தேன். முந்திரி தாராளமாக.

ஜூன் 30, திங்கள்

இறுதி அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
வாக்களிக்க வந்தவர்கள்: 749. எண்ணப்பட்ட வாக்குகள்: 799.
தலைவலி.

ஜூலை 1, செவ்வாய்

மழை. பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் புளி போட்டுத் துலக்கினேன். "யாரும் விருந்தாளி வர்றாங்களா?" என்று இவர் கேட்டார். இல்லை என்றேன். துலக்கி முடித்த அண்டாவை மறுபடி துலக்கினேன்.

பிற்பகல் தலைவி என்ற முறையில் ஊருக்குள் போய்ச் சந்தையைத் திறந்து வைத்தேன். பூ போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

எழுதித் தொலைக்கிறேன். டைரியில் முப்பத்து நான்கு வருடம் பொய் எழுதியதில்லை, இந்த ஒரு மாதம்தான் அரைகுறையாக எழுதி வந்திருக்கிறேன்.

சிவப்புப் பட்டனை நான் அழுத்தவில்லை. மாதிரி வாக்கு ஐம்பதும் அழியாமல் கிடந்து, நிஜ வாக்கோடு சேர்ந்து எண்ணப்பட்டிருக்கிறது. ஐம்பதும் எனக்கு. கழித்தால் எனக்கு 362. காடவனுக்கு 387. தோற்றவள் நான்.

ஊருக்கெல்லாம் "அழிச்சாச்சா" என்று கேட்டவள், என் பெயருக்கு நேராக எண்கள் ஏறுவதைப் பார்த்ததும் கிறங்கிப்போய்க் கையசைக்க ஓடியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிட வெட்கம், நேற்று முழுவதும் இதை மறைத்துவிடலாமா என்றும் யோசித்தேன். யாருக்குத் தெரியும்? காடவனுக்குத் தெரியாது. இளங்கதிர் கணக்குப் பார்க்க மாட்டான். கிரீடம் என் தலையில் இருக்கிறது, எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. ரொம்பப் பிடித்திருக்கிறது.

இவரிடம் சொன்னேன். ஈஸிசேரிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"நானும் ஒண்ணு சொல்லணும் தமயந்தி. நான் காடவனுக்குத்தான் போட்டேன்."

"என்னது!"

"குதிரை தர்றேன்னாங்க. நமக்குக் கிணத்தடியிலேருந்து மலைவரைக்கும் நடக்க முடியல. முட்டி வலிக்குது."

"கேம்ல எப்பிடிங்க முட்டி வலிக்கும்?"

"நெனச்சாலே வலிக்குதே."

கரண்டியை எடுத்து எறியாதது என் பொறுமை. என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, என் கேசரியில் முந்திரி பொறுக்கித் தின்றுகொண்டு, லாடத்துக்குப் போட்டிருக்கிறார்! சமையலறைக்குப் போய் அண்டாவை மறுபடி துலக்க எடுத்தேன். பிறகு அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நாளைக்கு ஆபீசுக்குப் போய்ச் சொல்லிரு. இல்லேன்னா வீட்டுல ஒரு பாத்திரமும் மிஞ்சாது. தேய்ச்சே ஓட்டையாக்கிருவ" என்றார்.

ஜூலை 3, வியாழன்

கம்பெனிக்குப் போய்ச் சொன்னேன். இளங்கதிர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பெரியம்மா, இந்த எலெக்‌ஷனுக்கு அப்புறம் நானூறு பேர் புதுசா வந்திருக்காங்க. வரிசைக்கா தலைவியானதைப் பாக்கத்தான் வந்திருக்காங்க. இப்பப் போயி இதைச் சொல்லணுமா? விட்ருங்க. கேம்தானே?"

எனக்கு வந்ததே கோபம். "கேம்தானேன்னா என்னை எதுக்குடா கூப்பிட்ட? நூத்தி நாப்பது பேர்ல வந்து போட்டவனையே தலைவனா வச்சிருக்க வேண்டியதுதானே? அவனுக்கும் எனக்கும் இப்ப என்னடா வித்தியாசம்? அவன் தெரிஞ்சு செஞ்சான், நான் மறந்து செஞ்சேன். இன்னிக்குச் சொல்லாம விட்டா நானும் தெரிஞ்சு செஞ்சவதான்!"

பானு தன் சுற்றும் நாற்காலியைத் திருப்பினாள்.

"நான் ஞாயித்துக்கிழமையே பாத்துட்டேன் ஆன்ட்டி. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"சொல்லலைன்னா எத்தனை நாள் காத்திருப்பே?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்."

இன்று வியாழன். நல்லவேளை.

பிற்பகல் மூன்று மணிக்கு ஊர் நடுவில் தண்டோரா போட்டு எல்லோரையும் வரச் சொன்னேன். அறுநூறு பேருக்கு மேல் இருக்கும். மைக்கில் பேசினேன். நான்தான் தேர்தல் நடத்தும் அலுவலர், நான்தான் கருங்குழலி, இரண்டுமாக நான் இருந்ததே தவறு, ஐம்பது மாதிரி வாக்குகள் அழிக்கப்படாமல் எனக்குச் சேர்ந்துவிட்டன, அவற்றைக் கழித்து ஓநாய்க் காடவன் இருபத்தைந்து வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார் என இதன்மூலம் அறிவிக்கிறேன் என்று படிவத்தில் உள்ளபடியே வாசித்தேன். கிரீடத்தைக் கழற்றத் தெரியாமல் ஏதோ பட்டனை அழுத்தியதில் கருங்குழலி கூட்டத்துக்கு நடுவில் ஒரு சுற்று நாட்டியம் ஆடிவிட்டாள். அது என் தலைவிதி.

காடவனின் ஆட்கள் ஊளையிட்டார்கள். "கள்ள ஓட்டு அக்கா" என்று யாரோ எழுதினார்கள். பத்துப் பேர் அதைத் திருப்பி எழுதினார்கள். மூன்று தலைப் பூதத்தின் இடது தலை மட்டும் அழுதது.

ஜூலை 4, வெள்ளி

ரசம், அப்பளம். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

ஜூலை 5, சனி

துறைமுகச் சாவியை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் போனேன். காடவன் கோட்டை வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தான். மைக்கில் முதன்முதலாக அவன் குரலைக் கேட்டேன். நடுத்தர வயதுக் குரல். திண்டுக்கல்லில் பஸ் கண்டக்டராம்.

"வாங்கக்கா. எம்புட்டு நாளைக்கு இந்தப் பதவியில இருக்கணும்?"

"மூணு மாசம். ஏன்?"

"நேத்துலேருந்து சட்டையைப் பிடிக்கிறாங்கக்கா. குதிரை எங்க, குதிரை எங்கன்னு. வெள்ளைக் குதிரைதான் வேணுங்கிறான் ஒருத்தன். சாதுக்கோதண்டன்னு ஒரு மந்திரவாதி, அவரு காலையிலேருந்து இந்த வாசலை விட்டு நகரல. முட்டி வலியாம். இப்பத்தான் சாப்பிடப் போயிருக்காரு."

அந்த மந்திரவாதியை எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. சாவியைக் கொடுத்துப் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது அவன் கேட்டான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். எனக்குப் போட்ட முன்னூத்தி எண்பத்தேழு பேரும் குதிரைக்குப் போட்டாங்க. உங்களுக்கு முன்னூத்தி அறுபத்திரெண்டு பேர் போட்டிருக்காங்களே, அவங்களுக்கு என்ன தர்றேன்னு சொன்னீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் சொல்லலையே. வரிசையில நிக்கச் சொன்னேன்."

"திட்டவும் திட்டுனீங்க."

"திட்டினேன்."

"அப்பவும் போட்ருக்காங்க பாருங்க" என்றான்.

லேப்டாப்பை மூடினேன். இந்த ஐந்து நாளாக அந்த ஐம்பதைப் பற்றியே குமைந்துகொண்டிருந்தேனே தவிர, மிச்சத்தை நான் பார்க்கவே இல்லை. முன்னூற்று அறுபத்திரண்டு. முகம் தெரியாதவர்கள், ஒன்றும் வாங்காதவர்கள், கட்டிய புருஷன்கூட அதில் இல்லை. சர்வீஸ் முழுக்க எத்தனையோ லட்சம் வாக்குகளை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒன்றாவது எனக்கு வந்ததா? இது எனக்கு வந்தது. சந்தோஷமாக இருக்கிறது. டைரியில் எழுதத் தகுந்த அளவுக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி போனை எடுத்துக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போய்விட்டார். நான் வெள்ளைத்தாள் எடுத்து இளங்கதிருக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதினேன்.

பெறுநர்: நிர்வாக இயக்குநர், 'ஏழு தீவு'. பொருள்: தேர்தல் நடத்தும் அலுவலர் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்து, அப்பொறுப்பைச் செல்வி பானுவிடம் ஒப்படைக்கக் கோருதல். காரணம்: அக்டோபரில் நான் நிற்கிறேன்.